உமிழ்வுக் கணக்கு உதைக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

ஒரு திருப்பூர் பனியனின் பெயரில் எழுத வேண்டிய பசுமை இல்ல வாயு உமிழ்வில் தையல் கூடத்தின் பங்கு சொற்பம். நூற்பாலை ஓடிய மின்சாரம், அந்த மின்சாரத்துக்காக எரிந்த நிலக்கரி, பருத்திக் காட்டுக்குப் போட்ட யூரியா என்று மீதி பின்னால் நீண்டுகொண்டே போகும். யார் யாரிடம் எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்ற ரூபாய் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு அந்த உமிழ்வைத் தேடிப் போவதுதான் உள்ளீடு-வெளியீட்டு முறை. பொருளாதார அறிஞர் வாஸிலி லியான்டீஃப் 1936-ல் அமெரிக்கப் பொருளாதாரத்துக்காக முன்வைத்தது. 1970-ல் அவரே அதில் மாசையும் சேர்த்தார்.

இங்கே கையில் எடுத்திருப்பது இந்தியக் கணக்கு. ஒரு பக்கம், புள்ளியியல் அமைச்சகம் 2011-12 நிதியாண்டுக் கணக்கிலிருந்து வெளியிட்டுவரும் வழங்கல்-பயன்பாட்டு அட்டவணைகள் (எந்தத் தொழில் எந்தப் பொருளைச் செய்தது, எதை வாங்கியது என்று காட்டுபவை; 140 பொருள், 66 தொழில்). மறுபக்கம், ஐ.நா. காலநிலை அமைப்புக்கு இந்தியா அனுப்பும் பசுமை இல்ல வாயுப் பட்டியல். நேர்மாறு அணியில் (பின்னால் நீளும் எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் கூட்டித் தரும் எண் கட்டம்) பிழை வருவது அபூர்வம். கணினி அதை ஒழுங்காகவே செய்யும். இந்த இரண்டு ஏடுகளையும் ஒட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு.

முதலில் ஒரு கைக்கணக்கு

கணினிக்கான கட்டளைத் தொகுப்பை எழுதியதும் நேராக 66 தொழிலை ஊட்டாதீர்கள். முதலில் இந்த இரண்டு தொழில் கணக்கை ஊட்டுங்கள். மின்சாரத்தின் மொத்த வெளியீடு 100 ரூபாய். அதில் மின்துறையே 10 எடுத்துக்கொள்கிறது, துணித்தொழில் 30 வாங்குகிறது, மீதி 60 இறுதித் தேவை (வீடு, அரசு, ஏற்றுமதி போன்ற கடைசி வாங்குபவர்கள்). துணியின் வெளியீடு 200. துணித்தொழிலே 40 வாங்குகிறது, மின்துறை எதுவும் வாங்கவில்லை, மீதி 160 இறுதித் தேவை. மின்துறையின் நேரடி உமிழ்வு 500 கிலோ, துணியுடையது 100 கிலோ.

ஒவ்வொரு நிரலையும் (நெடுவரிசை, அதாவது வாங்குபவர்) அதே தொழிலின் வெளியீட்டால் வகுத்தால் நேரடித் தேவை அணி கிடைக்கும்: மின்சார நிரல் 0.1, 0; துணி நிரல் 0.15, 0.2. அலகு அணியிலிருந்து இதைக் கழித்து நேர்மாறு எடுத்தால் மின்சார நிரல் 1.1111, 0, துணி நிரல் 0.2083, 1.25. உமிழ்வுச் செறிவு மின்சாரத்துக்கு ரூபாய்க்கு 5 கிலோ, துணிக்கு 0.5. இவற்றால் பெருக்கினால் உமிழ்வுப் பெருக்கி (இறுதித் தேவையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பின்னால் உள்ள மொத்த உமிழ்வு) மின்சாரத்துக்கு 5.556, துணிக்கு 1.667. இறுதித் தேவையால் பெருக்கினால் 333.3, 266.7. கூட்டினால் 600. உள்ளே போட்ட 600 கிலோ அப்படியே வெளியே வந்திருக்கிறது. துணியின் கணக்கு மட்டும் 100-லிருந்து 266.7 ஆகிவிட்டது. 600 வரவில்லை என்றால் அடுத்த பகுதி.

அறிகுறி: உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒத்துப்போகவில்லை

மேலே உள்ள சிறு கணக்கில் 766.7 வருகிறதா? நிரலுக்குப் பதில் நிரையை (கிடைவரிசை, அதாவது விற்பவர்) வகுத்திருக்கிறீர்கள். வாங்குபவரின் வெளியீட்டால் வகுக்க வேண்டியதை விற்பவரின் வெளியீட்டால் வகுத்தால் துணிக்குப் போகும் மின்சாரக் கெழு 0.15-க்குப் பதில் 0.3 ஆகும். பைத்தானில் ஓர் அணியை ஒற்றைப் பரிமாண வரிசையால் வகுத்தால் நிரல்வாரியாகத்தான் வகுக்கும். வெளியீட்டை நெடுவரிசையாக மாற்றிவிட்டு வகுத்தாலோ, அட்டவணையைத் திருப்பிப் போட்டு ஏற்றினாலோ இந்தப் பிழை சத்தமில்லாமல் நுழையும்.

888.9 வந்தால், பெருக்கியை இறுதித் தேவையோடு பெருக்காமல் மொத்த வெளியீட்டோடு பெருக்கியிருக்கிறீர்கள். மின்துறையின் புகை ஒருமுறை மின்சாரத்தின் பெயரிலும் மறுமுறை துணியின் பெயரிலும் ஏறிவிட்டது. இது மாணவர் பிழை மட்டும் இல்லை. நிறுவனங்களின் மொத்த விற்றுமுதலைப் பெருக்கியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி ‘நாட்டின் ஜவுளித் தடம்’ (மொத்த உமிழ்வு) என்று போட்ட அறிக்கைகளிலும் இதுவே நடக்கிறது.

சிறு கணக்கு சரி, பெரிய கணக்கில்தான் தேசியப் பட்டியலைவிட விடை குறைகிறது என்றால் வீடுகளைப் பாருங்கள். அடுப்பில் எரியும் சமையல் எரிவாயுவும் சொந்த பைக்கில் எரியும் பெட்ரோலும் எந்தத் தொழிலின் நிரலிலும் வராது. அவற்றைத் தனி வரியாக வைத்து கடைசியில் கூட்ட வேண்டும். பன்னாட்டு விமான, கப்பல் எரிபொருளும் தேசியப் பட்டியலின் கூட்டுத்தொகையில் சேராது. ஆனால் தேசியக் கணக்கில் இந்திய விமான நிறுவனத்தின் வெளிநாட்டுப் பறப்பும் இந்தியத் தொழிலே. ஒன்று எல்லைக் கோட்டை வைத்து எண்ணுகிறது, மற்றது உரிமையாளரை வைத்து எண்ணுகிறது. இரண்டையும் ஒட்டும்போது இந்த இடைவெளியை எழுதி வைக்காவிட்டால் பிறகு காரணம் தேடி அலைய வேண்டும்.

அறிகுறி: விடை சரியாக 10, 100 அல்லது 1000 மடங்கு தப்பு

அலகுதான், வேறொன்றும் இல்லை. லட்சத்துக்கும் கோடிக்கும் 100 மடங்கு, மில்லியனுக்கும் கோடிக்கும் 10 மடங்கு. உமிழ்வுப் பட்டியலில் உள்ள ஜிகா கிராம் என்பது 1000 டன்.

மடங்கு இவ்வளவு சுத்தமாகத் தெரியாதபோது விலையை வைத்து ஒரு தடுப்பு போடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் ரூபாய்க்கு 30 கிராம். ஆக, டீசலை மட்டுமே எரிக்கும் தொழில், வரவு முழுவதையும் டீசலுக்கே கொட்டினாலும் அதன் நேரடிச் செறிவு 30 கிராமைத் தாண்டாது. மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ (மத்திய மின்சார ஆணையத்தின் மின்தொகுப்புச் சராசரி இந்த அளவில்தான்). யூனிட் 7 ரூபாய் என்றால் ரூபாய்க்கு 100 கிராம். நிலக்கரி மட்டும் விலை மலிவு, புகை அதிகம்: கிலோவுக்கு 4,000 கிலோ கலோரி தரும் கரி எரிந்தால் சுமார் 1.6 கிலோ, கிலோ 3 ரூபாய் என்றால் ரூபாய்க்கு 500 கிராமுக்கு மேல். ஒரு கல்வி நிறுவனத்தின் செறிவு ரூபாய்க்கு 400 கிராம் என்று வந்தால், அவர்கள் வகுப்பறையில் கரி எரிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அறிகுறி: அணி சதுரமாக இல்லை, அல்லது நேர்மாறு எடுக்க மறுக்கிறது

140-க்கு 66 என்ற பயன்பாட்டு அட்டவணைக்கு நேர்மாறு கிடையாது. அதை 66-க்கு 66 ஆக்குவதே இந்த வேலைக்கு உகந்தது, ஏனென்றால் உமிழ்வுத் தரவு தொழில்வாரியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பொருளின் உள்நாட்டு உற்பத்தியிலும் எந்தத் தொழிலுக்கு எத்தனை பங்கு என்று 66-க்கு 140 அணி ஒன்று போடுங்கள். அதை, தொழிலின் வெளியீட்டால் வகுத்த பயன்பாட்டு அணியோடு (140-க்கு 66) பெருக்குங்கள். இறுதித் தேவை நிரலையும் அதே பங்கு அணியால் பெருக்க மறக்காதீர்கள். பங்கு எடுக்கும்போது வகுக்க வேண்டியது உள்நாட்டு உற்பத்தியால். இறக்குமதியும் சேர்ந்த மொத்த வழங்கலால் வகுத்தால் பங்குகள் கூடி 1 வராது, அந்த அளவு புகை கரைந்துபோகும்.

வெளியீடு பூச்சியமாக உள்ள தொழிலால் வகுத்தால் முடிவிலி வரும். நேர்மாறு முழுவதும் கெட்டுப்போகும். பூச்சியத்துக்கு நேரே பூச்சியம் என்று எழுதிவிட்டுத் தொடரலாம். ரூபாய் அட்டவணையில் எந்த நிரலின் கூட்டலும் 1-ஐ எட்டக்கூடாது. எட்டினால் அந்தத் தொழில் விற்பதற்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ வாங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் உள்ளீடு வாங்குவோர் விலையிலும் (வரியும் கடைக்காரர் பங்கும் சேர்ந்தது) வெளியீடு அடிப்படை விலையிலும் (அவை சேராதது) இருப்பதால் வந்த வினை.

அறிகுறி: எதிர்மறை உமிழ்வு

கச்சா எண்ணெயின் தடம் பெரிய எதிர்மறை எண்ணாக வந்தால் பயப்பட வேண்டாம். இந்தியா கச்சா எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்கிறது. இறக்குமதியை இறுதித் தேவையில் கழித்தல் குறியோடு வைத்திருக்கும் அட்டவணையை அப்படியே எடுத்தால் கச்சா எண்ணெயின் இறுதித் தேவை மைனஸில் விழும். ஒவ்வொரு பொருளுக்கும் இறக்குமதியை, உள்நாட்டில் தங்கும் மொத்த அளவால் (உற்பத்தி கூட்டல் இறக்குமதி கழித்தல் ஏற்றுமதி) வகுத்துப் பங்கு எடுங்கள். அந்தப் பங்கைத் தேவை அணியின் நிரையிலிருந்தும், ஏற்றுமதி தவிர்த்த இறுதித் தேவையிலிருந்தும் கழித்துவிட்டால் உள்நாட்டு அணி தனியாக நிற்கும். இறக்குமதியின் புகை வேண்டுமென்றால் பல நாட்டு அட்டவணைக்குப் போவதே முறை. எக்ஸியோபேஸ் என்ற பல நாட்டு அட்டவணையில் 44 நாடுகளும் 5 எஞ்சிய தொகுதிகளும் உண்டு, இந்தியா அதில் தனியாக இருக்கிறது. சீனத்து எஃகுக்கு நம் ஊர்ச் செறிவைப் போடுவது அவசரத்துக்கு ஆகும். அப்படிச் செய்ததை எழுதிவிட வேண்டும்.

தேவை அணிக்குள்ளேயே எதிர்மறை இருந்தால் ‘பொருளுக்கு ஒரே தொழில்நுட்பம்’ (எந்தத் தொழில் செய்தாலும் ஒரு பொருளுக்கு உள்ளீடு ஒன்றே) என்ற அனுமானத்தில் மாற்றியிருக்கிறீர்கள். மேலே சொன்ன பங்கு அணி வழியில் அது வராது. இருப்பு மாற்ற நிரலில் உள்ள மைனஸ் மட்டும் நியாயமானது, கிடங்கில் இருந்ததை எடுத்து விற்றிருக்கிறார்கள். அதைத் தொட வேண்டாம்.

அறிகுறி: பம்புசெட்டு சுத்தம், நூற்பாலை மட்டும் கரி

இந்தியக் கணக்கில் இதுவே பெரிய பொறி. தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசம். வேறு பல மாநிலங்களிலும் இலவசம் அல்லது பெயருக்கு ஒரு கட்டணம். ரூபாய் அட்டவணைக்கு யூனிட் தெரியாது, பில்தான் தெரியும்.

எண்ணில் பார்ப்போம். 1,000 யூனிட்டில் 600 ஆலைக்கு, யூனிட் 7 ரூபாய்; 400 பம்புசெட்டுக்கு, யூனிட் 1 ரூபாய். பில் தொகை 4,200-ம் 400-ம். ரூபாய் வழியில் பிரித்தால் மின்துறைப் புகையில் 91 விழுக்காடு ஆலை தலையில் விழுகிறது. யூனிட் வழியில் 60 தான். கட்டணம் முழுக்க இலவசம் என்றால் ரூபாய்க் கணக்கில் ஆலைக்கு நூற்றுக்கு நூறு.

இதில் பாதியை அடிப்படை விலைக்கு மாற்றும் படியிலேயே சரிசெய்யலாம். அடிப்படை விலை என்பது வரி போக, மானியம் சேர்த்து. அரசு விவசாய மின்சாரத்துக்குக் கொடுக்கும் மானியத்தை விவசாயக் கட்டத்தில் சேர்த்தால் அந்தக் கட்டம் நிமிரும். நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? ‘வரி கழித்தல் மானியம்’ என்ற ஒற்றை நிரலை எல்லாக் கட்டங்களுக்கும் விகிதப்படி தூவிவிடுகிறார்கள். பூச்சியத்துக்கு விகிதப்படி தூவினால் பூச்சியம்தான். மானியத்தைக் கையால் எடுத்து அதன் இடத்தில் வையுங்கள்.

அப்படியும் மீதி இருக்கும். ஆலைக்கு விலையை ஏற்றி வீட்டுக்குக் குறைக்கும் குறுக்கு மானியம் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் தெரியாது. அதற்குக் கலப்பு அலகு: மின்சார நிரையை மட்டும் ரூபாயிலிருந்து யூனிட்டுக்கு மாற்றுங்கள். மத்திய மின்சார ஆணையம் தொழில், விவசாயம், வீடு, வணிகம், ரயில் என்று பிரித்துத் தரும் நுகர்வை எடுத்து, தொழில் என்ற தொகுதிக்குள் மட்டும் ரூபாய் விகிதத்தில் பிரிக்கலாம். மூன்று இடங்களில் கவனம் தேவை. மின்கடத்தல் இழப்பை மின்துறையின் சொந்தக் கட்டத்தில் வைக்காவிட்டால் உற்பத்தியும் விற்பனையும் ஒட்டாது. பம்புசெட்டுகள் பெரும்பாலும் மீட்டர் இல்லாதவை, அங்கே உள்ள எண் மதிப்பீடு. இழப்பின் ஒரு பகுதி அதற்குள் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. கலப்பு அலகு அணியில் ‘நிரல் கூட்டல் 1-க்குக் கீழே’ என்ற சோதனை செல்லாது, ரூபாயையும் யூனிட்டையும் கூட்ட முடியாது அல்லவா.

அறிகுறி: போக்குவரத்துத் துறை தலைக்கு மேல் நிற்கிறது

உமிழ்வுப் பட்டியலில் ‘சாலைப் போக்குவரத்து’ என்பது சாலையில் ஓடும் எல்லாவற்றையும் குறிக்கும். அட்டவணையில் உள்ள சாலைப் போக்குவரத்துத் தொழிலோ வாடகைக்கு ஓடுபவர்களை மட்டும். முன்னதை அப்படியே பின்னதில் ஊற்றினால் உங்கள் வீட்டு ஸ்கூட்டரும் சிமெண்ட் ஆலையின் சொந்த லாரியும் லாரி முதலாளிகள் கணக்கில் ஏறிவிடும். பெட்ரோலில் பெரும்பகுதியை வீடுகளுக்குக் கொடுங்கள். டீசலை, பயன்பாட்டு அட்டவணையின் பெட்ரோலியப் பொருள் நிரையில் ஒவ்வொரு தொழிலும் வாங்கிய பங்கின்படி பிரியுங்கள்.

அந்த நிரையிலேயே இன்னொரு பள்ளம் உண்டு: வாங்கியதெல்லாம் எரிவதில்லை. பெட்ரோகெமிக்கல் ஆலை வாங்கும் நாப்தாவில் பெரும்பகுதி பிளாஸ்டிக்காக மாறுகிறது, சாலைக்காரர் வாங்கும் தார் சாலையிலேயே கிடக்கிறது. எரிபொருள் அல்லாத பயன்பாட்டைக் கழிக்காமல் பிரித்தால் இந்த இரு தொழில்களும் வீணாகப் பழி சுமக்கும்.

அறிகுறி: சாயப்பட்டறை, அலுமினிய ஆலை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு

சாயப்பட்டறைக் கொதிகலனில் விறகு எரிந்தால் அதன் கார்பன் டை ஆக்சைடு பட்டியலின் கூட்டுத்தொகையில் வராது, குறிப்பு வரியாக மட்டும் நிற்கும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் சேரும். ஆகவே குறைவாக வருவது பிழை இல்லை. கொதிகலன் பொறியாளரின் கணக்கோடு ஒப்பிடும்போதுதான் இது இடறும்.

அலுமினியத்தில் கோளாறு வேறு. அங்கே சொந்த நிலக்கரி மின்நிலையம் ஓடுகிறது. பன்னாட்டு விதிப்படி அந்தப் புகை ஆலையுடையது. தேசியக் கணக்கிலும் அந்த மின்சாரம் ஆலைக்குள்ளேயே முடிகிறது. ‘மின் உற்பத்தி’ என்ற தலைப்பில் சொந்த மின்நிலையங்களும் சேர்ந்த தரவை எடுத்திருந்தால் ஆலையின் புகை ஊர் மின்சாரத்துக்குப் போய்விடும். பொது மின்நிலையங்களுக்கு மட்டுமான எண்ணைத் தனியே எடுத்து மீதியை உலோகம், சிமெண்ட், காகிதம் என்று திருப்பிக் கொடுங்கள்.

சிமெண்டில் கரியை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் தவறும். சுண்ணாம்புக்கல் சுடும்போதே டன் கிளிங்கருக்கு (சிமெண்டாக அரைக்கும் முன் சூளையில் வரும் கட்டி) சுமார் 0.52 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. பட்டியலில் அது எரிசக்தியில் இல்லை, தொழில்முறைச் செயல்பாடு என்ற அதிகாரத்தில் இருக்கிறது.

அறிகுறி: நிறுவனத்தின் கொள்முதலைப் பெருக்கினால் எண் ஊதிப்போகிறது

118 ரூபாய் பில்லை எடுத்து நேராகப் பெருக்கியால் பெருக்கக் கூடாது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி போனால் 100. அதில் கடைக்காரர் பங்கும் லாரி வாடகையும் 20 என்றால் மீதி 80. அட்டவணை ஆண்டிலிருந்து அந்தப் பொருளின் மொத்த விலைக் குறியீடு 1.25 மடங்கு ஏறியிருந்தால் 80-ஐ வகுத்து 64. பெருக்க வேண்டியது இந்த 64-ஐ. நேராகப் பெருக்கியவர் 1.84 மடங்கு அதிகமாகச் சொல்லியிருப்பார். அந்த 20-ஐ எறிந்துவிட வேண்டாம். வணிகத் துறைக்கும் போக்குவரத்துக்கும் பிரித்து, அவற்றின் விலைக் குறியீட்டால் வகுத்து, அவற்றின் பெருக்கியால் பெருக்குங்கள். குறியீடு எடுக்கும்போது பொருளுக்கு உரியதை எடுங்கள். பொதுப் பணவீக்கத்தைப் பஞ்சுக்கும் போட்டால், பஞ்சு விலை ஆடும் ஆட்டத்தில் உங்கள் உமிழ்வும் சேர்ந்து ஆடும்.

அறிகுறி: அதே தரவு, இரண்டு பேருக்கு இரண்டு விடை

கால்நடை, நெல், குப்பை ஆகிய துறைகளில் மட்டும் வேறுபாடு என்றால் மீத்தேன் எடையைப் பாருங்கள், அதாவது ஒரு கிலோ மீத்தேனை எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று வைத்திருக்கிறீர்கள் என்று. 100 ஆண்டுக் கணக்கில் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவின் இரண்டாம் அறிக்கை 21, நான்காவது 25, ஐந்தாவது 28. நைட்ரஸ் ஆக்சைடு முறையே 310, 298, 265. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் பாதி மறைந்துவிடும். சமான டன்னாக வந்த தரவை வாங்காதீர்கள். வாயுவாரியாக வாங்கி எடையை நீங்களே போடுங்கள்.

அறிகுறி: ஒரு துறையின் பெருக்கி பெரிது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

வெங்காயம் போல உரியுங்கள். முதல் கைக்கணக்கின் துணியில், நேரடி 0.5. தேவை அணியால் ஒருமுறை பெருக்கினால் அடுத்த அடுக்கு 0.85, அதற்கடுத்தது 0.245, பிறகு 0.0565. நான்கும் சேர்ந்து 1.65, இலக்கு 1.667. ஒவ்வொரு அடுக்கையும் விற்பவர்வாரியாகப் பிரித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்: 0.85-ல் 0.75 மின்சாரம்.

இப்படி உரிக்கும்போது பின்னலாடையின் மூன்றாம் நான்காம் அடுக்கில் மீத்தேன் தலைகாட்டினால், நெல் வயலின் மீத்தேன் பனியனுக்குள் நுழைந்திருக்கிறது. பயிர்த்தொழில் முழுவதும் ஒரே நிரலாக இருப்பதன் விளைவு. உதாரணத்துக்கு, பயிர் வெளியீடு 100, உமிழ்வு 100, அதில் 60 வயல்நீரில் கிளம்பும் மீத்தேன் என்று வைப்போம். பருத்திக்கும் செறிவு 1.0 விழும். நெல்லின் வெளியீடு 20 என்றால் அந்த 60-ஐ நெல்லுக்கே கொடுத்து, மீதி 40-ஐ எல்லோருக்கும் பகிருங்கள்: நெல் 3.4, மற்றவை 0.4.

செறிவை மட்டும் பிரித்து நிறுத்தினால் பயன் இல்லை. வாங்கும் பக்கத்தையும் பிரிக்க வேண்டும்: நெல்லை அரிசி ஆலை வாங்குகிறது, பருத்தியை அரவை ஆலை வாங்குகிறது. 140 பொருள் அட்டவணையில் நெல்லும் பருத்தியும் தனித்தனி நிரைகளாகவே இருப்பதால் இதற்கு வெளித் தரவு தேவையில்லை. உள்ளீட்டு நிரலைப் பிரிக்கத்தான் தேவைப்படும். உரத்தையும் டீசலையும் பயிர்ச் செலவுக் கணக்கெடுப்பின் விகிதத்தில் பிரிக்கலாம். பிரித்த இரண்டு நிரல்களும் கூடிப் பழைய ஒற்றை நிரல் கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டு, மொத்த உமிழ்வுச் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். கூட்டுத்தொகை ஒரு கிலோ கூட மாறியிருக்கக் கூடாது.